நீரிழிவும் நரம்பும்

நீரிழிவு நோய் உள்ளோர் பலர், சில ஆண்டுகளுக்குப் பின், உள்ளங்காலில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இரவில் மிகும் வலியும் உண்டெனக் கூறக் கேட்கிறோம். வேறு சிலருக்கு வலியே இராது, பாதம் மரத்திருக்கும். இவ்வுணர்வின்மையே பெருங்கேடு. முள் தைத்ததும் கல் சுட்டதும் அறியாமையால் புண் முற்றி, காலையே இழக்க நேர்கிறது. இதன் காரணத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

தசைச் செல்கள் குருதியிலுள்ள குளுக்கோஸை ஏற்க இன்சுலின் துணை வேண்டும். நரம்புச் செல்களுக்கு அத்துணை வேண்டுவதில்லை. ஆகவே குருதியில் சர்க்கரை மிகுந்தால் நரம்பினுள்ளும் அது மிகுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா இம்மிகைச் சுமையால் சூப்பராக்சைடு முதலிய சிதைக்கும் மூலக்கூறுகளைப் பெருக்குகின்றது. நீரிழிவின் பல கேடுகளுக்கும் இதுவே பொது வேர் என்னும் கருத்தை 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மைக்கேல் பிரவுன்லி முன்வைத்தார்.

மிகுந்த குளுக்கோஸின் ஒரு பகுதி, ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதியால் சார்பிட்டால் ஆகிறது. இதற்குச் செலவாகும் பொருளே, குளூட்டாதயோன் என்னும் காவற்பொருளைப் புதுப்பிக்கவும் தேவை. எனவே பகை பெருகும் வேளையில் காவல் குறைகிறது. இந்நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படும். நரம்புக்கு உணவூட்டும் நுண்குழாய்களும் பழுதாகின்றன. மிக நீண்ட நரம்புகளே முதலில் நலிவதால், துன்பம் பாதத்தில் தொடங்குகிறது.

அவ்வாறாயின் எதிர் ஆக்சிஜனேற்றி மாத்திரைகள் போதுமோ? ஆல்ஃபா லைப்போயிக் அமிலத்தை நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வீதம் 5 வாரம் உட்கொண்டோருக்கு எரிச்சலும் வலியும் குறைந்தன என 2006 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும் 2011 இல் வெளியான நான்காண்டு ஆய்வில், முதன்மை அளவீட்டில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. வைட்டமின் ஈ மாத்திரையை நெடுநாள் உட்கொண்டோரிடம் இதயச் செயலிழப்பு கூடியதாக 2005 இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. ஆகவே மருத்துவரைக் கேளாது இவற்றை உண்ணுதல் தகாது.

வேரை அடக்குவதே சிறந்த வழி. முதல் வகை நீரிழிவுடைய 1,441 பேரிடம் நிகழ்ந்து 1993 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோருக்கு நரம்புப் பாதிப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையில் இப்பயன் சற்றுக் குறைவே. எனினும் கட்டுப்பாடு இன்றியமையாதது.

மரக்கறி உணவினராகிய நாம் மற்றொன்றையும் கருத வேண்டும். வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவே உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் உண்போருக்கு அது மேலும் குறையக்கூடும். இக்குறையும் இதே எரிச்சலையும் மரப்பையும் தருவதால், குருதிப் பரிசோதனை செய்து தெளிதல் வேண்டும்.

கோடை நண்பகலில் ஜினாலயத்தின் கற்றளத்தில் வெறுங்காலுடன் வலம் வரும் முதியோர் கவனமாயிருத்தல் நன்று. இரவில் உறங்குமுன் இரு பாதங்களையும் நோக்குதலும், கண் மங்கியோர்க்கு இல்லத்து இளையோர் அதனைச் செய்தலும் நம் குடும்பங்களில் வழக்கமாகட்டும்.