சர்க்கரை மேல் அமிலப் பழி

வெள்ளைச் சர்க்கரை அமிலமாம், ரத்தத்தை அமிலமாக்குமாம், அந்த ரத்தத்தில் புற்றுநோய் செழிக்குமாம். வாட்ஸ்அப்பில் இந்தப் புரளி ஓய்வதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூட லிட்மஸ் தாள் ஒன்று போதும், இதன் முதல் வரியே பொய் என்று காட்ட. சர்க்கரைக் கரைசலில் நீலத் தாள் சிவக்காது, சிவப்புத் தாள் நீலமாகாது. சுக்ரோஸ் தண்ணீரில் அயனிகளாகப் பிரியாமல் முழு மூலக்கூறாகவே கரைகிறது. கரும்புச் சாறு வேண்டுமானால் லேசான அமிலம், அதன் பி.எச். 5 முதல் 5.5 வரை இருக்கும். ஆலையில் சுண்ணாம்புப் பாலும் கந்தக டை ஆக்சைடும் சேர்த்து அதை 7-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகே காய்ச்சுகிறார்கள். அமிலமாகவே விட்டால் சுக்ரோஸ் உடைந்துபோகும், நட்டம் ஆலைக்குத்தான்.

“கரைசலைச் சொல்லவில்லை, உடலில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைச் சொல்கிறோம்” என்று அடுத்த வாதம் வரும். சரி, அந்தக் கணக்கையே போடுவோம். கந்தகமும் பாஸ்பரஸும் மிஞ்சினால் அமிலம். பொட்டாசியமும் கால்சியமும் மிஞ்சினால் காரம். சுக்ரோஸில் இருப்பதோ கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். எரிந்தால் கரியமில வாயுவும் தண்ணீரும்தான், சாம்பலே கிடையாது! ரத்தத்தின் பி.எச்.சை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே பிடித்து வைத்திருக்கின்றன. சாப்பாட்டால் மாறுவது சிறுநீரின் பி.எச்.; அதைச் சோதித்துவிட்டு ரத்தத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகிறார்கள். சாட்சிக்கு ஓட்டோ வார்பர்கை வேறு இழுப்பார்கள். அவருக்கு 1931-இல் நோபல் கிடைத்தது சுவாச நொதி ஆய்வுக்கு. புற்றுச் செல் குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலம் தயாரிக்கிறது என்று அவர் கண்டது உண்மை. செல் அமிலத்தை உண்டாக்குகிறது என்பதை, அமிலம் புற்றை உண்டாக்குகிறது என்று தலைகீழாகப் படித்தால் அவர் என்ன செய்வார்? நீரிழிவில் ரத்தம் அமிலமாவதும் உண்டு. இன்சுலின் போதாமல் கொழுப்பு உடைந்து கீட்டோன்கள் சேர்வதால் வருவது அது. இன்சுலினை நிறுத்திவிட்டு ஆப்பசோடா தண்ணீர் குடிப்பது உயிரோடு விளையாடுவது. காரச் சிகிச்சையைப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமமின்றி மருத்துவம் பார்த்த வழக்கில் 2016-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானதை எந்த ஃபார்வர்டும் சொல்லாது.

கருப்பட்டி காரம், ஆகவே பாதுகாப்பு என்பது இன்னொன்று. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது புளித்துக் கள்ளாகாமல் இருக்க. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். எலுமிச்சையும் வெந்நீரும் ரத்தத்தைக் காரமாக்காது.

சர்க்கரையிலிருந்து அமிலம் நிஜமாகவே பிறக்கும் இடம் வாய். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. சில நிமிடங்களில் பல்லின் மேல் படலத்தில் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்குகிறது, எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணிக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. எத்தனை கிராம் என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். ஆனால் நம் பள்ளிகளில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வகுப்பு முழுக்கப் பல்லில் ஒட்டும் டாஃபிதான். அதுவும் சாப்பாட்டோடு இல்லாமல் நடு வகுப்பில். ரத்தத்தின் பி.எச். பற்றிக் கவலைப்படும் பெற்றோர்கள் தலைமையாசிரியரைப் பார்த்து, ஆளுக்கொரு பென்சில் கொடுக்கச் சொல்லட்டும்.