மணிக்கட்டை மடக்கும் தசை

ராஜஸ்தானில் காடியா லோஹார் என்ற கொல்லர்கள் இருக்கிறார்கள். மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் இரும்பு வேலை செய்து வந்தவர்கள். கணவர் பழுத்த இரும்பைக் குறட்டால் பிடிப்பார். மனைவி சம்மட்டி அடிப்பார். அடி விழும்போது அவருடைய மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாயும். கோதுமை அறுப்பவரின் கையும், விறகு பிளப்பவரின் கையும் இப்படித்தான் சாய்கின்றன.

சாய்ப்பது எது? உங்கள் கையிலேயே பார்க்கலாம்.

இடது உள்ளங்கையை மேலே பார்க்க வையுங்கள். விரல்களை மூடுங்கள். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, சற்றே சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். அந்த ஓரத்தை வலது கையால் தொடுங்கள். கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். பலர் இதை நரம்பு என்பார்கள். நரம்பு அல்ல, தசைநாண். தசையை எலும்போடு கட்டும் கயிறு.

கயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளங்கைக்கு வாருங்கள். பட்டாணி போல ஓர் எலும்பு தட்டுப்படும். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் இது ஒன்று. கயிறு இதில் வந்து சேர்கிறது. தசை தொடங்குவது முழங்கையில். அது சுருங்கினால் கயிறு இழுபடும், மணிக்கட்டு மடங்கும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கையை நிமிர்த்துவது முன்கையின் பின்பக்கத் தசைகளின் வேலை. மருத்துவர்கள் இந்தத் தசையை ஃப்ளெக்ஸார் கார்பி அல்னாரிஸ் என்பார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முழங்கை அருகே இந்தத் தசைக்கு இரண்டு தலைகள். அவற்றின் நடுவே உண்மையான நரம்பு ஒன்று நுழைந்து போகிறது. முழங்கையின் உள்பக்கம் சுவரில் இடித்தால் மின்சாரம் பாய்ந்தது போல இருக்குமே, அந்த நரம்பு. இந்தத் தசையை இயக்குவது அதுதான். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவதும் அதுதான்.

ஆகவே சுண்டுவிரல் பல நாள் மரத்துக் கிடந்தால், கோளாறு முழங்கையில் இருக்கலாம். முழங்கையை வெகுநேரம் ஊன்றினால் நரம்பு அழுந்தும். தொழுநோய்க் கிருமியும் இந்த நரம்பை அடிக்கடி தாக்கும். நரம்பு தடிக்கும். விரல்கள் வளையும். மரத்துப்போன விரலுக்குச் சூடு தெரியாது. அடுப்பில் சுட்டுக்கொண்டது, கொப்புளத்தைக் கண்ட பிறகே தெரியும்.

வேலை அலுப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். கிருமி அழிந்துவிடும். ஆனால் நெடுநாள் கெட்ட நரம்பு திரும்புவது அரிது. பழுதாகி 6 மாதத்துக்குள் போனால் நரம்பைக் காக்கவும் மருந்து உண்டு.

சோதனைக்கு அதிக நேரம் ஆகாது. கண்ணை மூடச் சொல்வார்கள். பேனா முனையால் விரலை மெல்லத் தொடுவார்கள். தொட்ட இடத்தை நீங்கள் காட்ட வேண்டும்.