அலர்ஜி மாத்திரை: பழையதா, புதியதா?



மக்காச்சோளம் அடிக்கும்போது தூசு பறக்கிறது. உடனே அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு. சிலருக்கு உடம்பெல்லாம் காணாக்கடி. "கடையில ஒரு மாத்திரை வாங்கிப் போட்டா சரியாப் போயிடும்" என்கிறோம். எந்த மாத்திரை என்று கேட்கிறோமா?

அலர்ஜி ஏன் வருகிறது?

ஒத்துக்கொள்ளாத பொருள் பட்டதும் உடம்பில் 'ஹிஸ்டமின்' வெளிப்படுகிறது. தும்மலும் அரிப்பும் அதன் வேலை. அதைத் தடுப்பவையே இம்மாத்திரைகள்.

பழைய மாத்திரைகள்

குளோர்பெனிரமின் (சி.பி.எம்.), பெனிரமின் ஆகியவை. விலை குறைவு, பலனும் உண்டு. ஆனால் 4 முதல் 6 மணி நேரமே வேலை செய்யும். மூளைக்குள்ளும் புகுவதால் தூக்கம் வரும், வாய் உலரும். வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் ஆகாது.

புதிய மாத்திரைகள்

செடிரிசின், லோராடடின், பெக்சோபெனடின் ஆகியவை. மூளைக்குள் அதிகம் போகமாட்டா. பெரும்பாலும் நாளைக்கு ஒன்றே போதும். "புதுசுன்னா வீரியம் ஜாஸ்தி" என்பது தவறு. குணம் ஏறக்குறைய ஒன்றே. தூக்கம் குறைவு என்பதே லாபம். செடிரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். பெக்சோபெனடினைத் தண்ணீரில் விழுங்குங்கள். பழச்சாறு அதன் பலனைக் குறைக்கும்.

யார் கவனிக்க வேண்டும்?

கரும்பு ஏற்றிக்கொண்டு இரவில் எறையூர் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர் ஓட்டும் தம்பிமார்களே! பழைய மாத்திரை போட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். "எனக்குத் தூக்கமே வரலையே" என்பீர்கள். தூக்கம் தெரியாவிட்டாலும் பிரேக் மிதிக்கும் கால் தாமதிக்கும். மது சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

தாய்மார்களே! குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்துச் சீட்டிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பெரிய பிள்ளைக்கு வாங்கிய மருந்தைச் சின்னதுக்கு ஊற்றாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

மாத்திரைக்குக் காத்திராதீர்கள்!

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசியே.

தூசு வேலைக்குப் போகுமுன் மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். வாங்கிய மாத்திரையின் அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கேளுங்கள்.

பெயர் அறிந்து விழுங்குவோம்! விழிப்போடு வீடு திரும்புவோம்!