வண்டிக்குள் ஒரு கையெழுத்துச் சோதனை

ஏற்காட்டுக் காப்பியும் மிளகும் சேலத்திற்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே வண்டி ஓட்டுநரின் சொற்படியே நடத்தல் வேண்டும். அந்நியர் கட்டளைக்கு அதில் இடமிருத்தலாகாது. ஆதலின் வண்டிக்குள் கட்டளைகள் செல்லும் விதத்தை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

இக்கால வண்டிகளில் எஞ்சின், பிரேக், கதவுப்பூட்டு முதலியவற்றைக் கவனிக்கத் தனித்தனி மின்னணுப் பெட்டிகள் உண்டு. அவை முறுக்கிய இரண்டு கம்பிகளின் வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன. 'கேன்' எனப்படும் இம்முறையை ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-இல் வெளியிட்டது. இதில் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. செய்தி எதைப் பற்றியது, எவ்வளவு அவசரமானது என்பதை அந்த எண் காட்டும். அனுப்பியது யார் என்பதைக் காட்டாது.

இக்குறையின் விளைவு 2015-இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் மில்லர், வாலசெக் என்னும் இருவர், நெடுஞ்சாலையில் ஓடிய ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே வேகமிழக்கச் செய்து காட்டினர். அதன் பயனாக 14 லட்சம் வண்டிகளைச் சீர்திருத்தத்திற்குத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

கையொப்பமில்லாத சீட்டு ஒன்று சங்கத்திற்கு வந்தால், பழகிய கணக்கர் எழுத்தைக் கண்டே ஆளைச் சொல்லிவிடுவார். பெட்டிகளுக்கும் அத்தகைய கையெழுத்து உண்டு. கம்பிகள் ஓய்ந்திருக்கையில் இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி செல்கையில் ஒன்று 3.5-ஐ ஒட்டி ஏறும், மற்றது 1.5-ஐ ஒட்டி இறங்கும். ஆயினும் ஒரே தொழிற்சாலைப் பெட்டிகள் இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல் எழுதுவதில்லை. அழுத்தத்தில் சிறு வேறுபாடு இருக்கும். உட்கடிகாரத்தின் ஓட்டமும் மாறுபடும். மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த சோ, ஷின் ஆகியோர் 2016-இல் கடிகார வேறுபாட்டையும், 2017-இல் மின்னழுத்த வேறுபாட்டையும் கொண்டு, செய்தி அனுப்பிய பெட்டியை அடையாளம் காணும் வழிகளை வகுத்தனர்.

இதற்கும் எல்லை உண்டு. வெப்பமும் பாட்டரியின் நிலையும் மாறினால் கையெழுத்தும் சற்று மாறும். சேலத்து வெயிலில் எடுத்த அளவு ஏற்காட்டுக் குளிரில் அப்படியே பொருந்தாது. ஆகவே பதிவை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். அன்றியும், உள்ளிருக்கும் பெட்டியே பகைவர் வசமாகிவிட்டால், அதன் பெயரில் வரும் பொய்க் கட்டளையும் உண்மைக் கையெழுத்திலேயே வரும்.

ஆகவே அங்கத்தினர் செய்யத்தக்கவை மூன்று. ஸ்டியரிங்கின் கீழுள்ள பரிசோதனைச் சாக்கெட்டில் இன்னதென்று தெரியாத மலிவுக் கருவிகளைச் செருகாதீர். பழைய வண்டி வாங்கினாலும், பழுது பார்த்து மீட்டாலும், அங்கே ஏதேனும் விட்டுவைக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். வண்டிக் கம்பெனி சீர்திருத்தத்திற்கு அழைத்தால் தாமதியாது செல்லுங்கள்.