இந்த மாத ஆங்கிலச் சொல்: லோன்லி

பள்ளிப் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கத்தில் மாதம் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வருகிறோம். இந்த மாதச் சொல்லைப் பெரியவர்களும் படிக்க வேண்டுகிறோம். இதில் தவறியது பிள்ளைகள் அல்லர், நாங்கள்தான்.

சென்ற ரமளானுக்கு முன், உதவி தேவைப்படும் முதியவர்களைக் கணக்கெடுக்க ஒரு படிவம் தயாரித்தோம். கையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினோம். அதில் 'லோன்லி' என்று இருந்த இடத்தில் 'தனியாக இருப்பவரா?' என்று போட்டுவிட்டோம். வீடு வீடாகப் போன நம் தொண்டர்கள், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கும் ஒரு வீட்டில் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டு மூதாட்டியிடம் கேட்கவே இல்லை. பிறகு வேறு வேலையாகப் போனபோது அவரே சொன்னார்: "காலையில எல்லாரும் கிளம்பிடுவாங்க. ராத்திரி வந்தா ஆளுக்கொரு போன். எனக்குப் பேச ஆள் இல்ல தம்பி."

நாம் குறித்தது 'அலோன்' என்ற சொல்லுக்கான பதில். படிவம் கேட்டது 'லோன்லி'.

அலோன் என்றால் உடன் ஆள் இல்லை என்று மட்டுமே பொருள். வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். லோன்லி என்பது துணைக்கு ஏங்கும் மனத்தின் வலி. அதைக் கேட்டால்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை நம்மூர்ச் சந்தையில் மாடும் மனிதருமாக நெரிசல் இருக்கும். அதன் நடுவே நிற்பவர் அலோன் அல்லர், ஆனால் லோன்லியாக இருக்கலாம். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் அலோன். அவர் லோன்லி என்று நாம் முடிவு கட்ட முடியாது.

இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது வேடிக்கை. 'ஆல்', 'ஒன்' என்ற இரு சொற்கள் சேர்ந்து அலோன் ஆனது. அதன் முதலெழுத்து உதிர்ந்து 'லோன்', அதிலிருந்து லோன்லி. முதலில் அதற்கும் தனித்து என்ற பொருள்தான். ஏக்கம் என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் நன்றாக வேரூன்றியது.

பிள்ளைகள் கவனிக்க: 'லி' என்று முடிந்தாலும் லோன்லி வினையுரிச்சொல் அல்ல, பெயருரிச்சொல். ஆகவே 'ஹி லிவ்ஸ் லோன்லி' என்று எழுதக் கூடாது. 'ஹி லிவ்ஸ் அலோன்', 'ஹி ஃபீல்ஸ் லோன்லி' என்பவை சரி. 'எ லோன்லி மேன்' என்னலாம், 'எ அலோன் மேன்' என்னக் கூடாது. 'எ லோன்லி ரோடு' என்றால் ஆள் நடமாட்டமில்லாத சாலை. 'லீவ் மீ அலோன்' என்பது என்னைத் தொந்தரவு செய்யாதே என்பதாகும்.

நாமே விரும்பி ஏற்கும் தனிமைக்கு 'சாலிட்யூட்' என்று வேறு சொல் இருக்கிறது. ஹிரா குகையில் நபி (ஸல்) அவர்கள் தனித்திருந்ததும், ரமளான் கடைசிப் பத்தில் நாம் இஃதிகாஃப் இருப்பதும் அந்த வகை. அங்கே மனம் வெறுமையாவதில்லை. ஆனால் தமிழில் அதற்கும் தனிமை, இதற்கும் தனிமை, கொரோனா காலத்தில் அடைத்து வைத்ததும் தனிமைப்படுத்தல். உருது பேசும் வீடுகளில் 'தன்ஹாயி' என்பதும் இரண்டுக்கும் வரும். பிரெஞ்சு படித்த நம் பாண்டிச்சேரிப் பெரியவர்களைக் கேட்டால், 'சொல்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் அப்படித்தான் என்பார்கள்.

பிரிட்டனில் 2018-இல் லோன்லினஸுக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். ஜப்பான் 2021-இல் அதைச் செய்தது. அது மேல்நாட்டு வியாதி, கூட்டுக் குடும்பத்தில் ஏது என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. வயதானவர்களை மட்டுமல்ல, இளைஞர்களையும் இது அதிகம் பிடிக்கிறது. வளைகுடாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கும் நம் பிள்ளைகளையும், இத்தா முடிந்த பிறகு யாரும் எட்டிப் பார்க்காத பெண்களையும் அந்தப் பழைய கேள்வியோடு போனால் நாம் கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த ஆண்டுப் படிவத்தில் கேள்வியை மாற்றிவிட்டோம். 'யாருடன் வசிக்கிறீர்கள்?' என்பது ஒன்று. 'மனம்விட்டுப் பேச ஆள் இருக்கிறதா? கடைசியாக எப்போது பேசினீர்கள்?' என்பது இன்னொன்று. இரண்டாவதை அந்த முதியவரிடமே, வீட்டார் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். பெண்களிடம் பெண் தொண்டர்கள்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து வராமல் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச நேரமுள்ளவர்கள் நமக்குத் தேவை. ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். அந்த மூதாட்டியின் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் போக ஏற்கெனவே இரண்டு சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள்.