மேற்கிலிருந்து கிழக்கே பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நெடுஞ்சாலை டீக்கடையும் சிமென்ட் லாரியும்தான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் “உங்க ஊர்ப் பக்கம் பார்க்க என்னதான் இருக்கு?” என்று கேட்காமல் இருந்ததில்லை. அப்படிக் கேட்டவர்களையெல்லாம் அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டியதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த இரண்டு மாவட்டங்களையும் மேற்கே தொடங்கிக் கிழக்கே முடிக்கும்படி பார்க்க வேண்டும். அப்போதுதான் இந்த மண் தன் கதையை வரிசையாகச் சொல்கிறது.

காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கடினப் பாறை அன்றைய கரை. அரியலூர்ப் பக்கம் முழுக்கத் தண்ணீர். கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த மண் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்து கிடப்பதால், மேற்கே பழைய அடுக்கு, கிழக்கே போகப் போகப் புதிய அடுக்கு. ஊட்டத்தூர், அரியலூர், நின்னியூர் ஆகிய நம் ஊர்ப்பெயர்களே உலகப் புவியியல் நூல்களில் இந்த அடுக்குகளுக்குப் பெயர்களாக நிற்கின்றன. டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்தது நின்னியூர் அடுக்கு. ஒரே நாளில் காரில் பல கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம்.

தொடக்கத்துக்குச் சரியான இடம் சாத்தனூர் கல்மரப் பூங்கா. சுமார் 18 மீட்டர் நீள மரம் ஒன்று அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டு, கடல் சேற்றில் புதைந்து, மரத்தின் சத்து போன இடமெல்லாம் சிலிக்கா புகுந்து இறுகிய உடல் அது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்குத் தெரிவித்தார். பிள்ளைகளுடன் வருகிறவர்கள் முதலில் மரத்தைக் காட்டிவிட்டுப் பிறகு கடலைப் பற்றிச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பின்பு கேட்கும் கேள்விகள் தரமானவை.

அடுத்தது காரை, குளக்கால்நத்தம். செம்மண்ணும் சாம்பல் களியும் கலந்து, மழைநீர் அறுத்த ஓடைகளாக நிலம் பிளந்து கிடக்கும். வெயில் பட்டால் ஜிப்சம் துண்டுகள் மினுங்கும். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகள், விரல் நீளத்துப் பெலம்னைட்டுகள் ஆகிய பழங்காலக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் மண்ணோடு கிடக்கும். மழைக்காலம் முடிந்து களி காய்ந்த பிறகு, காலை எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. மழை பெய்த மறுநாள் போனால் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். நிழல் என்று ஒரு வேப்பமரம்கூடக் கண்ணில் படாத இடங்கள் உண்டு. தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

2020 அக்டோபரில் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக ஊரெல்லாம் பேச்சு. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு இறுகி உருண்ட கற்கள் அவை என்று ஆய்வாளர்கள் பிறகு விளக்கினார்கள். எனக்கு அந்த விளக்கமே பெரிய செய்தியாகப் பட்டது. முட்டை என்றால் ஒரு விலங்கின் கதை. இதுவோ ஒரு கடலின் கதை. வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். வெளியே மண்ணில் பார்த்தவற்றின் பெயர் அங்கே தெரியவரும்.

இனி மனிதர்களின் கதை. ரஞ்சன்குடிக் கோட்டை பெரம்பலூருக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பக்கம் நின்று மோதிய வாலிகண்டபுரம் போரின் களம் இது. சென்னையிலிருந்து வருவோர் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கல்கியின் வாசகர்கள் கீழப்பழுவூர், மேலப்பழுவூரை விடமாட்டார்கள், விடவும் கூடாது. பழுவேட்டரையர் காலத்துச் சிறு கற்றளிகளில் கூட்டமே இருக்காது. சிற்பங்களை எதிரே உட்கார்ந்து பார்க்கலாம்.

பயணத்தின் கிழக்கு முனையில் கங்கைகொண்ட சோழபுரம். இங்கேதான் நிதானம் வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் கோயிலைப் பார்த்து, சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சிற்பம் ஈடில்லாததுதான். அந்த மாலையைப் பெறுபவர் சோழ மன்னன் ராஜேந்திரனே என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில். சுமார் 13 அடி உயர லிங்கம். எல்லாம் சரி. ஆனால் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர் எங்கே? 1025-இல் கடாரத்துக்குக் கப்பல்களை அனுப்பிய அரசன் எங்கே குடியிருந்தான்? அந்தக் கேள்வியோடு மதிலுக்கு வெளியே வாருங்கள்.

கோயிலிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு. தொல்லியல் துறை தோண்டியதில் அரண்மனையின் செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் வெளிப்பட்டன. தரையோடு தரையாக நிற்கும் அந்தச் சுவர்களைப் பார்த்துச் சிலர் ஏமாந்துபோவார்கள். சீனப் பீங்கான் இங்கே வந்து சேர்ந்த தூரத்தைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சுற்றிலும் உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி என்று ஊர்கள். தலைநகரின் வரைபடம் பஸ் பலகைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கங்கை வெற்றியின் நினைவாக ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் இன்று பொன்னேரி. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. மாலையில் அதன் கரையில் சிறிது தூரம் நடந்தால், வெற்றிச் சின்னமாக ஏரி வெட்டத் தோன்றிய மனத்தின் மீது மரியாதை கூடும்.

அதன் பிறகு அணைக்கரைக்குப் போகச் சொல்வேன். 1836-இல் அங்கே கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலையும் மற்ற கட்டடங்களையும் இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். ஊர்மக்கள் எதிர்த்தும் பயனில்லை. பாலத்தில் நின்று கீழே பார்க்கையில் இரண்டும் ஒன்றாக மனத்தில் வரும்: அந்தத் தண்ணீரால் விளையும் வயல், பறிபோன மதில். வயலுக்குத் தண்ணீர் வேண்டும்தான். மதிலைத் தொடாமல் அதைக் கொடுத்திருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரம் மிச்சமிருந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற ஏரி இது. தமிழ் மேல் பற்றுள்ளவர்கள் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சிக்கும் ஒரு நடை போய் வரலாம்.

போக்குவரத்துக்கு ஒரு யோசனை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் அங்கே இறங்கி, கிழக்கே பார்த்து முடித்து, ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் வந்து ரயில் ஏறுங்கள். கல்மரத்தையும் சோழபுரத்தையும் ஒரே நாளில் அடக்காமல், ஓர் இரவு தங்குங்கள். சோழபுரத்துக்கு மதியம் வேண்டாம். கல்தரை காலைச் சுடும், சன்னதியும் சாத்தியிருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காரையில் கிடக்கும் சிப்பியையோ மாளிகைமேட்டுச் செங்கல் துண்டையோ ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். எந்த அடுக்கில், எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதன் காலத்தைச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அதற்கு வயது கிடையாது. படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.