விடிகாலை வானத்தில் ஒரு வெளிச்சம்: படத்தை வைத்து அடையாளம் காண்பது எப்படி?

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் எடுத்த படம் கைக்கு வரும்போது, பெரும்பாலும் அதன் பெரிதாக்கிய துண்டு மட்டுமே வருகிறது. கறுப்புச் சதுரம், நடுவே வெள்ளை வட்டம், சுற்றிலும் பச்சையும் ஊதாவுமாக வளையங்கள். “இது என்ன?” என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. விடை இருப்பது வெட்டிப் போட்ட பகுதியில்தான்: மொட்டைமாடிச் சுவர், தென்னை மட்டை, தண்ணீர்த் தொட்டி, செல்பேசிக் கோபுரம். ஆகவே முதல் விதி, ஒளியைப் பெரிதாக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். செல்பேசியின் முதன்மைக் கேமராவில், 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 50 பிக்சல் கிடைக்கும். முழுநிலவின் விட்டமே அரை டிகிரிதான், அதாவது 25 பிக்சல் சொச்சம். வெள்ளிக் கோள் பூமியை மிக நெருங்கும்போதுகூட நிலவின் விட்டத்தில் முப்பதில் ஒரு பங்குதான். ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் தெரியும் வட்டம், வைர வடிவம், துடிக்கும் விளிம்பு எல்லாம் ஃபோகஸ் தப்பியதாலும், செல்பேசியின் மென்பொருள் ஓரங்களைக் கூர்மையாக்கியதாலும் வந்தவை. அவற்றை வைத்துப் பொருளின் வடிவத்தைப் பேசுவதில் பயனில்லை.

மூலக் கோப்பைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோயிருக்கும். கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை எடுத்த நேரமாக நம்பக் கூடாது. ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் விவரங்கள் அப்படியே வரும். “அஞ்சு, அஞ்சரை இருக்கும்” என்பது போதாது. வானம் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுழல்கிறது. அரை மணி நேரம் பிசகினால் வெள்ளியின் இடத்தில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, அந்த ஒளி வானத்தில்தான் இருந்ததா என்று பாருங்கள். படத்தில் தெருவிளக்கோ சூரியனோ இருந்தால், அதிலிருந்து படத்தின் மையம் வழியாக ஒரு கோடு இழுத்து அதே தூரம் அப்பால் நீட்டுங்கள். மர்ம ஒளி அந்தக் கோட்டின் முனையில் உட்கார்ந்திருந்தால் அது லென்ஸுக்குள் நடந்த பிரதிபலிப்பு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம் என்றால் அறை விளக்கையும் சந்தேகப்படுங்கள். வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்தார்களா என்று கேட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இனி, எல்லோரும் தடுக்கி விழும் இடம்: திசையும் உயரமும்.

ஒளி எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டால் “கிழக்கே” என்பார்கள். சூரியன் வரும் பக்கமெல்லாம் அவர்களுக்குக் கிழக்கு. ஆனால் சென்னையில் ஜூனில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. உயரம் இன்னும் மோசம். 45 டிகிரியில் இருப்பதையே “தலைக்கு மேலே” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். இந்த இரண்டு எண்களையும் நினைவிலிருந்து வாங்கக் கூடாது, அளந்தே எடுக்க வேண்டும்.

படம் எடுத்த இடத்துக்கே போய் நில்லுங்கள். அதே இடம் என்றால் அடி பிசகாமல் அதே இடம். படத்தில் மின்கம்பத்தின் விளிம்பு எதிர்வீட்டுத் தொட்டியின் எந்தப் புள்ளியைத் தொடுகிறதோ, அது அப்படியே தெரியும்வரை நகருங்கள். பத்து மீட்டரில் இருக்கும் தென்னை, நீங்கள் ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே ஏறத்தாழ இரண்டு டிகிரி நகர்ந்துவிடும். அதனால் அருகில் இருப்பதை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். கோபுரம், மலைமுகடு, தொலைவில் உள்ள மாடிக்கட்டடம் என்று எது மிகத் தள்ளி இருக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, நின்ற இடத்திலிருந்து அந்தக் கோபுரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். வடக்கிலிருந்து கிழக்காக அந்தக் கோட்டின் கோணம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்பேசியின் திசைகாட்டியை நான் பயன்படுத்தவே மாட்டேன். மொட்டைமாடியில் இரும்புக்கம்பி, கீழே மோட்டார், பக்கத்தில் பைக் என்று எது இருந்தாலும் முள் இழுபடும். வரைபடக் கோடு இழுபடாது.

ஒளி அந்தக் கோபுரத்துக்கு எத்தனை டிகிரி இடம் அல்லது வலம் என்பதைக் கையால் அளக்கலாம். கையை முழுக்க நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஒரு டிகிரி, மூடிய முட்டி பத்து டிகிரி, விரித்த சாண் இருபதுக்குச் சற்று மேல். உயரத்தையும் முட்டிகளாகவே எண்ணுங்கள். ஆனால் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தொடங்காதீர்கள். கண்ணுக்கு நேராகக் கிடைமட்டமாக நீட்டிய கைதான் பூஜ்யம். அங்கிருந்து உச்சிவரை அடுக்கினால் ஒன்பது முட்டிகள் வர வேண்டும். உங்களுக்கு எட்டுதான் வருகிறது என்றால் உங்கள் முட்டி 11 டிகிரி. அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

வெளியூர்ப் படம், நேரில் போக முடியாது என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. எடுத்தவரை மறுநாள் அதே இடத்தில் நின்று, அதே செல்பேசியில், ஜூம் செய்யாமல், சூரியன் உதிக்கும் கணத்தைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அன்றைய சூரியன் எந்தக் கோணத்தில் உதித்தது என்பது எந்த வான்வரைபடச் செயலியிலும் கிடைக்கும். இரண்டு படங்களிலும் உள்ள தொட்டியை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சூரியனிலிருந்து மர்ம ஒளிவரை பிக்சல்களை எண்ணி 50-ஆல் வகுத்தால் டிகிரி வந்துவிடும். படத்தின் ஓரங்களில் லென்ஸ் நீட்டிக் காட்டும் என்பதால் நடுப்பகுதியில் இருப்பதை மட்டும் இப்படி அளக்கலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு லடாக்கைச் சொல்வேன். 2012 ஆகஸ்டிலிருந்து 2013 பிப்ரவரிவரை சீன எல்லையோரத்தில் ஓர் ஏரிக்கு மேலே அடையாளம் தெரியாத ஒளிகளை இந்திய ராணுவத்தினர் 329 முறை பதிவு செய்தார்கள். உளவு பார்க்கும் ஆளில்லா விமானங்கள் என்ற சந்தேகம். பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தினர் வந்து, அவை விண்மீன்களோடு சேர்ந்து நகர்கின்றனவா என்பதைத் திசையையும் உயரத்தையும் வைத்துச் சோதித்தார்கள். ஒன்று வியாழன், மற்றது வெள்ளி. மலை உச்சியின் தெளிந்த காற்றில் இரண்டும் கூடுதலாகப் பளபளத்திருக்கின்றன. விழிப்போடு காவல் நின்றவர்களையே குழப்பிய ஒளியை நாம் கண்மதிப்பில் தீர்த்துவிட முடியாது.

எண்கள் கையில் இருந்தால் மீதி எளிது. ‘ஸ்டெல்லேரியம்’ என்ற வான்வரைபடச் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஊர், தேதி, நேரம் மூன்றையும் நீங்களே உள்ளிட்டு, ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அளந்த இடத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று டிகிரிக்குள் பிரகாசமான கோளோ விண்மீனோ இருந்தால் விஷயம் முடிந்தது. உறுதி வேண்டுமென்றால், படம் முழுவதையும் வெட்டாமல் வெளிச்சம் கூட்டிப் பாருங்கள்; மங்கலான வேறு விண்மீன்கள் வெளிப்பட்டு அமைப்பு பொருந்தும். 2025 ஆகஸ்ட் 12 காலையில் வெள்ளியும் வியாழனும் ஒரு டிகிரிக்குள் சேர்ந்து நின்றன. அன்றைய படங்களில் இரண்டு ஒளிகளும் 50 பிக்சலுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் இருக்கும். அந்த ஓர் இடைவெளியே அவை இன்னவை என்று சொல்லிவிடும்.

விடிகாலையில் வெள்ளிதான் முதல் சந்தேக நபர். ஆனால் அது சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. ஆகவே இன்னும் இருட்டாக இருக்கும்போது 60 டிகிரி உயரத்தில் நின்ற ஒளி வெள்ளியாக இருக்க முடியாது; வியாழனாக இருக்கலாம். அடிவானத்துக்கு அருகே சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னுவது பெரும்பாலும் சிரியஸ்.

செயலியில் எதுவும் பொருந்தவில்லையா? மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் பாருங்கள். விண்மீன்கள் தினமும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். ஒரு நாளில் ஒரு சுண்டுவிரல் அகலம்தான் நகர்ந்திருக்கும். மறுநாள் இடமே காலி என்றால் தேடலை பூமிப் பக்கம் திருப்புங்கள்.

விட்டுவிட்டு மின்னாமல் நான்கைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்திருந்தால் பன்னாட்டு விண்வெளி நிலையம். தலைக்கு மேல் அது நொடிக்கு ஒரு டிகிரிவரை நகரும். மூன்று நொடி இரவுப் படத்தில் 150 பிக்சல் நீளக் கோடாகப் பதியும். எந்த ஊரில் எப்போது தெரியும் என்பது ‘ஹெவன்ஸ் அபவ்’ தளத்தில் உண்டு. நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் விளக்கு சில நிமிடம் அசையாமல் நிற்கும். விமானப் பாதைகளைக் காட்டும் ‘ஃப்ளைட்ரேடார்24’ தளத்தில் பழைய நேரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அடிவானத்தில் ஆரஞ்சு நிறத்தில் குட்டையாகத் தெரியும் வால், வெயில் பட்ட விமானப் புகைத்தடம். சூரியன் உதித்தபின் அதே உயரத்தில் ஒரு சாண் தள்ளி, வானவில் நிறம் கலந்து தெரியும் திட்டு, மேகத்தின் பனிப்படிகங்கள் உண்டாக்கும் போலிச் சூரியன். அந்த இடைவெளி 22 டிகிரி.

வானிலை பலூனை மறந்துவிடாதீர்கள். உலகெங்கும் ஒரே வேளையில் அவற்றை விடுகிறார்கள். நமக்கு அது காலை 5.30-ஐ ஒட்டி வருகிறது. 30 கிலோமீட்டர் உயரம்வரை போவதால், தரையில் சூரியன் எட்டிப்பார்க்குமுன்பே அதன்மேல் வெயில் பட்டுவிடும். ராக்கெட்டும் அப்படித்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 பிப்ரவரி 14 அன்று காலை 5.59-க்கு பிஎஸ்எல்வி-சி52, 2025 ஜனவரி 29 அன்று 6.23-க்கு ஜிஎஸ்எல்வி-எஃப்15 என்று விடிகாலை ஏவுதல்கள் பல. தரை இருட்டாக இருக்க மேலே புகை மட்டும் ஒளிரும்போது அது ராக்கெட் போலவே தெரியாது. படத்தின் தேதியை இஸ்ரோவின் ஏவுதல் பட்டியலோடு ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

எதிலும் பொருந்தாத படம் என்றால் மூலக் கோப்பு, நின்ற இடம், நேரம், திசை, உயரம், நகர்ந்ததா இல்லையா என்ற ஆறையும் ஒரே தாளில் எழுதி, சென்னை கோட்டூர்புரத்து பிர்லா கோளரங்கத்திலோ உங்கள் ஊர் தமிழ்நாடு அறிவியல் இயக்க நண்பர்களிடமோ காட்டுங்கள்.

கைமுட்டி அளவைப் பழகிக்கொள்ள நல்ல வாய்ப்பு 2026 நவம்பர் நடுவிலிருந்து கிடைக்கும். வெள்ளி மீண்டும் விடிவெள்ளியாகக் கிழக்கே ஏறி, 2027 ஜனவரி 3 அன்று சூரியனிலிருந்து மிக விலகி நிற்கும். அந்த வாரங்களில் ஏதாவது ஒரு காலையில் முதலில் முட்டியால் அளந்து எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகு செயலியைத் திறந்து பாருங்கள்.